மருந்துக்கு ஊதிய சங்கு

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சிலை உண்டு, தபால்தலை உண்டு, பாடப்புத்தகத்தில் தாடியோடு படம்கூட உண்டு. ஆனால் கண்டுபிடித்த மருந்தை ஒரு மனிதனின் தொண்டைக்குள் வேளை தவறாமல் இறக்குவது எப்படி என்று கண்டுபிடித்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டியில் என்னிடம் கம்பவுண்டராக இருந்தார். அப்படித்தான் நான் சொல்லிக்கொள்கிறேன். ஊரைக் கேட்டால், நான்தான் அவரிடம் டாக்டராக இருந்தேன் என்பார்கள்.

அந்த ஞானம் அவருக்கு உதித்த விநாடியில் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னும் ஒரு நிமிஷம். பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாக நெல் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், வயிற்றுவலிக்காக நாலு நாளைக்கு முன் நான் கொடுத்த மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தார். புட்டி கழுத்துவரை அப்படியே இருந்தது.

"வலி நிக்கல டாக்டரம்மா. வேற மருந்து குடுங்க."

"இதையே குடிக்கலையே நீங்க? மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னேனே?"

"சாப்பிட்டாத்தானே அப்புறம் குடிக்கறதுக்கு?"

"நாலு நாளாவா சாப்பிடல?"

"கூழுதான்."

"கூழ் சாப்பாடு இல்லையா?"

பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கூழு குடிக்கறது டாக்டரம்மா. சாப்பாடுன்னா சோறு. சோறு துண்ணா வவுத்த வலிக்குதுன்னுதானே உங்ககிட்ட வந்ததே? அதான் சோத்தை நிறுத்திட்டேன். பட்டணத்துல போய் இன்னாதான் படிச்சீங்களோ!"

என் படிப்பு மொத்தமும் மேஜைமேல் அந்தப் புட்டியைப் போலவே தொடப்படாமல் நின்றது. அப்போதுதான் இரும்பாலையின் சங்கு ஊதியது. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். முதலில் முளைத்த இரும்பாலை காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும். நாலைந்து மைலுக்குக் கேட்கும். என் வரிசையில் சுருண்டு கிடந்த இரண்டு தொழிலாளிகள் காய்ச்சலை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பெண், "ஐயோ, நெல்லு காயுது" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். பெரியவரும் எழுந்துவிட்டார். "ரெண்டு மணி ஆயிடுச்சா? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

கம்பவுண்டர் அளவுக் கிளாசைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். மருந்து அவர் கோட்டுக் கைக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"டாக்டரம்மா," என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "என் சொல்லுக்கு எவன் எழுந்திருக்கறான், உங்க சொல்லுக்கு எவன் எழுந்திருக்கறான்? சங்குக்கு மாடுகூட எழுந்திருக்குது பாருங்க!"

அவரை நான் வேலைக்கு வைத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்பு அங்கே இருந்த வயசான டாக்டர் மகன் வீட்டோடு போய்விட, கிளினிக்கை நான் எடுத்துக்கொண்டேன். திருவள்ளூர்ப் பெண், இருபத்தைந்து வயசு, உலகத்தைத் திருத்தி முடிக்க இரண்டு வருஷம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பழைய டாக்டர் சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்: மேஜை ஒன்று, எடை மெஷின் ஒன்று (இரண்டு கிலோ கூடக் காட்டும், நோயாளிகளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ரிப்பேர் செய்யவில்லையாம்), பெரிய எழுத்தெல்லாம் கரையான் தின்றுவிட்ட கண் அட்டை ஒன்று, பீரோ ஒன்று, கம்பவுண்டர் ஒன்று.

ஆள் குட்டை. காக்கிக் கோட்டு. கோட்டுப் பையில் தர்மாமீட்டரும் சீப்பும் ஒன்றாகவே குடியிருக்கும். சைக்கிளுக்கு மணி கிடையாது. கேரியரில் மருந்துப் புட்டிகள் கலகலவென்று மோதிக்கொள்கிற சத்தத்திலேயே ஊர் ஒதுங்கும். பெயர் யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே, "கம்பவுண்டரே, ஊட்டுக்கு வெறகு இல்ல" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே எதிரி, குடிக்கப்படாத மருந்து. நான் வருவதற்கு முன்பே அந்தப் போரைத் தொடங்கியிருந்தார். எல்லாத் தண்ணி மருந்திலும் பலகாரத்துக்குப் போடுகிற ரோஸ் சாயம் ஒரு சொட்டு. மறுநாள் தெருவில் எவனைப் பார்த்தாலும் சைக்கிளை நிறுத்தி, "நாக்க நீட்டு!" என்பார். ரோஸாக இருந்தால் போகலாம். இல்லையென்றால் அங்கேயே, நடுத்தெருவில், கேரியரிலிருந்து ஒரு வேளை. ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? நாலே நாளில் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நாக்கை நீட்ட ஆரம்பித்தார்கள். பிறந்ததிலிருந்து வெற்றிலையைத் தொடாத பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட. கம்பவுண்டர் சளைக்கவில்லை, சாயத்தைப் பச்சையாக மாற்றினார். ஒரு வாரம் பாதி கும்மிடிப்பூண்டி பச்சை நாக்கோடு நடமாடியது. அந்த வாரம்தான் நான் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே பதினோரு பேருக்கு ஒரே மாதிரிப் பச்சை நாக்கு! புது நோய் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பூரித்து, அதற்கு என் பெயரையே வைப்பதா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயத்தைத் தடை செய்தேன். அதற்குப் பதிலாக என் சொந்த யோசனை ஒன்றைக் கொண்டுவந்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட்ட அட்டை. காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா. எவ்வளவு அழகான யோசனை! சென்னையில் அச்சடித்து ரயிலில் கட்டி வந்தேன். ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. ஒரு அம்மாள் சூரியன் படம் பார்த்து மாத்திரையை முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தாள். இன்னொருவர் அமாவாசையன்று நிலா வரவில்லை என்று இரவு மாத்திரையை விட்டிருந்தார். மூன்றாவது ஆள் அட்டையை மேஜைமேல் வைத்து, பவ்வியமாக என் பக்கம் நகர்த்தினார். "தப்பா நெனச்சிக்காதீங்க டாக்டரம்மா. நாங்க அந்தக் கட்சி இல்ல."

கம்பவுண்டர் பீரோவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பீரோ ஆடியதிலிருந்து எனக்குத் தெரியும்.

ஆகவே சங்கு யோசனை வந்தபோது மறுக்க எனக்கு முகம் இல்லை. மறுநாளே அமலுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்ற பேச்சே கிடையாது. சங்கு ஊதினால் மருந்து. புட்டியில் ஒட்டுகிற காகிதத்தில் வேளைக்கு ஒன்றாகப் பல் பல்லாக வெட்டுவார் அல்லவா, இனி ஒரு பல் ஒரு சங்கு.

ஒரே ஒரு சங்கடம். நம் ஊரில் சங்கு ஊதுவது எதற்கென்று உங்களுக்கே தெரியும். முதல் நோயாளி ரைஸ்மில்காரர், பெரிய மீசை, சாதாரண ஜலதோஷம். அவர் மனைவி வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். கம்பவுண்டர் புட்டியை அந்தம்மாளிடம் கொடுத்து, ஊருக்கே கேட்கிற குரலில் விளக்கினார்:

"தோ பாரும்மா. உங்க ஊட்டுக்காரருக்கு இன்னிக்கு ராத்திரி ஒரு சங்கு. நாளைக்குக் காலையில ஒரு சங்கு. மத்தியானம் ஒரு சங்கு. அதோட முடிஞ்சிடும்."

அந்தம்மாள் போட்ட கூச்சலில் ரயில்வே கேட்டிலிருந்து ஆள் ஓடி வந்தான். "வெறும் மூக்கொழுவல்தானேடா! அதுக்கு மூணு சங்கா?" என்று மீசை துடிக்க ரைஸ்மில்காரர் கம்பவுண்டரின் கோட்டுக் காலரைப் பிடித்தார்.

"சைரன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்றேன் நான், இருவரையும் பிரித்துவிட்டு.

"சைரன்னா இங்க எவனுக்குத் தெரியும் டாக்டரம்மா? 'சைலம்மாவா? எந்த ஊட்டுப் பொண்ணு?'ன்னு கேப்பான்."

ஆனால் பலித்தது! கோபித்துக்கொண்டு போன ரைஸ்மில்காரர்கூட மூன்று சங்குக்கும் குடித்தார். கூழ்ப் பெரியவரின் வயிற்றுவலி ஒரு வாரத்தில் நின்றது. சங்கு ஊதியதும் தெருவில் வீட்டுக்கு வீடு புட்டி குலுக்குகிற சத்தம் கேட்கும். சங்கு கம்பவுண்டர் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான்.

சில்லறைக் குழப்பங்கள் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு ஒன்று உண்டே, மூக்கு நீண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி. ஒரு கைக்குழந்தைக்குச் சத்து மருந்து கொடுத்து, "காலையில அரைச் சங்கு" என்று அந்த அளவைச் சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அந்தத் தாய் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"முடியல டாக்டரம்மா. சங்கு ஊத ஆரம்பிச்சவொடனே ஊத்த ஆரம்பிக்கறேன். பாதி சங்குல கரெக்டா நிறுத்தணுமே? எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல குந்திக்கினு விரல் விட்டு எண்றாரு. கொழந்த மூஞ்சியெல்லாம் மருந்து. இனிமே முழுச் சங்கா எழுதிக் குடுங்க, எண்ற வேலையாவது மிச்சம்."

இத்தனையும் சிரிப்பு. இதற்கு நடுவில் சிரிக்க முடியாத பேர் ஒன்று என் நோட்டில் இருந்தது. கன்னியம்மா.

இரண்டு மைல் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கிராமம். இருபத்திரண்டு வயசு. காச நோய். மாத்திரையை ஒரு நாள் விடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதம் இருமல் நின்றதும் அவள் மாமியார், "அதான் நின்னுடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு மாத்திரை? ஒடம்பு சூடாவும்" என்று சொல்ல, நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் இருமல் ரத்தத்தோடு திரும்பி வந்தது. "இந்தத் தடவை நடுவுல விட்டா இந்த மாத்திரை உனக்கு வேலை செய்யாது. வேற மருந்து என்கிட்ட இல்ல" என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவள் கேட்டது வேறு. "புள்ள எப்ப வருவான் டாக்டரம்மா?"

பிள்ளைக்கு இரண்டு வயசு. நோய் தொற்றக்கூடாது என்று மீஞ்சூரில் அவள் தாய்வீட்டில் விட்டிருந்தது. சளியில் கிருமி இல்லை என்று மாதாமாதம் தொடர்ந்து ரிசல்ட் வந்த பிறகுதான் அழைத்து வரலாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தாய் பிள்ளையை ரயிலில் கொண்டுவருவாள். அவர்கள் அந்தப் பிளாட்பாரத்தில், கன்னியம்மா இந்தப் பிளாட்பாரத்தில். நடுவில் தண்டவாளம். இவள் கையை ஆட்டுவாள். அவன் கூட்ஸ் வண்டியைப் பார்ப்பான்.

மாமியாருக்கு எதிராகக் கன்னியம்மாவுக்கு இருந்த ஒரே துணை காலைச் சங்குதான். அது ஊதிவிட்டால் மாமியார் என்ன சொன்னாலும், "சங்கு ஊதிட்சி அத்தே, கம்பவுண்டரு கேப்பாரு" என்று எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் தவறவில்லை. ஐந்து மாதம்.

ஆறாம் மாதம் ஆலைச் சங்கின் மோட்டார் எரிந்துபோனது.

முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கூழ்ப் பெரியவர் வந்து, "இன்னா டாக்டரம்மா, சங்கும் ஊதல, வலியும் நிக்கல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கம்பவுண்டரின் புட்டிகள் ஏரிக்கரைப் பக்கம் கலகலத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு மணி நேரத்தில் திரும்பினார். முகத்தில் வேர்வை. கன்னியம்மாவின் மாத்திரைப் பொட்டலத்தை என் முன்னால் பிரித்து எண்ணினார். இரண்டு கூட இருந்தது.

"'சங்கு ஊதலியே, மாத்திரைக்கும் லீவு போலன்னு நெனச்சேன்'ங்குது டாக்டரம்மா. மாமியாக்காரி வாசப்படியில குந்திக்கினு சிரிக்குது. 'உங்க சங்கே செத்துப்போச்சி, இன்னும் இன்னா மாத்திரை'ங்குது."

"சூரியன் வந்ததும் சாப்பிடச் சொல்லலாமே?"

அவர் மீதமிருந்த என் சூரிய அட்டைகள் இருந்த பீரோவை ஒரு பார்வை பார்த்தார்.

நேராக ஆலை மேனேஜரிடம் போனோம். வடக்கத்திக்காரர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் தன்னிடமிருந்த இங்கிலீஷ் முழுவதையும் மேஜைமேல் கொட்டினார்.

"சார்! சங்கு நோ! பீப்பிள் நோ டிரிங்க்! வெரி பேஜாரு!"

மேனேஜர் எழுந்து கையைக் கூப்பிவிட்டார். இத்தனை வருஷமாகச் சங்குச் சத்தத்தால் நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று புகார் செய்ய வந்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது. பம்பாயிலிருந்து சாமான் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், கவலையே வேண்டாம், புதிய சங்கு பாதிச் சத்தம்தான் போடும் என்று வாக்குக் கொடுத்தார். நான் எவ்வளவோ விளக்கினேன். விளக்க விளக்க, சத்தத்தை இன்னும் குறைக்கிறேன் என்றார். கம்பவுண்டர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "போதும் டாக்டரம்மா. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா சுத்தமா ஊமையாக்கிடுவாரு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைமேல் சங்கு ஊதியது. ஆலைச் சங்கு இல்லை. அசல் சங்கு.

சாவு வீடுகளுக்குச் சங்கு ஊதுகிற கிழவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நைனா. அவரிடம், "ரெண்டு நாளைக்குக் குடு நைனா" என்று காரணம் சொல்லாமல் வாங்கிப்போய், கம்பவுண்டர் மூச்சுப் பிடித்து ஊதித் தள்ளிவிட்டார். ஏரியைச் சுற்றியிருந்த ஊர் அத்தனையும் வாசலுக்கு வந்தது. "யாரு? யாரு?" என்று தெருத்தெருவாகக் கேள்வி. கரையோரமே வீடு வைத்திருந்த ரைஸ்மில்காரர் வேப்பங்குச்சியோடு வெளியே வர, அவர் மனைவி ஓடி வந்து அவர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்து, மூச்சு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அழுகையை நிறுத்தினாள். யாரோ பஸ் கண்டக்டர் மூலம் சேதி பரவி, செவ்வாப்பேட்டையிலிருந்து ஒருவர் மதியத்துக்குள் மாலையோடு வந்து இறங்கி, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் என் கிளினிக் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். கூழ்ப் பெரியவர் ஒருவர்தான் கலங்கவில்லை. "எவன் செத்தா எனக்கின்னா? சங்கு ஊதிட்சி, நான் என் மருந்தைக் குடிச்சிட்டேன்."

நைனா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "இன்னா கம்பவுண்டரே, ஆளு சாவாமயே ஊதறியே! நாளைக்கு நெஜமா ஒருத்தன் செத்தா எவன் வருவான்? 'கம்பவுண்டரு மருந்துக்கு ஊதறாரு'ன்னு திரும்பிப் படுத்துக்குவான். பொணத்தை நான் ஒருத்தனா தூக்கறது?"

நியாயமான கேள்வி. என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். நைனா ஒரு வழி சொன்னார். சாவுக்கு விட்டுவிட்டு மூன்று தரம் ஊதுவது அவர் வழக்கம். மருந்துக்கு ஒன்றே ஒன்று, நீளமாக. "அதுக்கு அடிவவுத்துலேர்ந்து மூச்சு வரணும். உன்னுது கோழி கூவற மாதிரி கீது" என்று அங்கேயே ஒரு மணி நேரம் பயிற்சியும் கொடுத்தார். வெளியே மாலையோடு உட்கார்ந்திருந்த செவ்வாப்பேட்டைக்காரர் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு ஊருக்கு ஒரு புது வழக்கம். சங்குச் சத்தம் கேட்டால் எல்லோரும் கையில் இருப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இன்னொன்று வருகிறதா? வரவில்லை. "ஒண்ணுதான்! மருந்து, மருந்து!" என்று ஒரு பெருமூச்சு. அந்த நிம்மதியிலேயே பாதி நோய் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். கன்னியம்மா தவறவில்லை. மாமியாரும் அடங்கிவிட்டாள், சாவுச் சங்கோடு வாதாட அவளுக்குத் துணிவில்லை.

ஒன்றரை மாதத்தில் ஆலைச் சங்கு திரும்பி வந்தது. மேனேஜர் வாக்குத் தவறாதவர். அது பசு முனகுவது மாதிரி முனகியது. ரயில்வே கேட்டைத் தாண்டவில்லை. ஆகவே கம்பவுண்டர் ஏரிக்கரையை விடவில்லை. மழையிலும் போனார், பொங்கலன்றும் போனார். மாதங்கள் ஓடின.

ஒரு நாள் மாத்திரை வாங்க வந்த கன்னியம்மா, கம்பவுண்டர் உள்ளே போகிறவரை காத்திருந்து என் பக்கம் குனிந்தாள்.

"டாக்டரம்மா, நான் தெனம் கேக்கறவ, அதான் சொல்றேன். அவரு சங்கு வர வர குட்டையாவுது. மின்ன நான் அடுப்பங்கரையிலேர்ந்து பானைகிட்ட போய்த் தண்ணி மொண்டு மாத்திரைய முழுங்கற வரிக்கும் ஊதுவாரு. இப்ப பானைகிட்ட போறதுக்குள்ள நின்னுடுது. அவருக்கு இன்னான்னு பாருங்க."

நான் பதினைந்து மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. ஆளைப் பிடித்து உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். ரத்தக் கொதிப்பு, எக்கச்சக்கம்.

"மெஷினு ரிப்பேர் டாக்டரம்மா."

"போன வாரம்தானே சரிபார்த்தது!"

"அப்ப ரிப்பேர் பண்ணவன் சரியில்ல."

சங்கைப் பிடுங்கி நைனாவிடம் கொடுத்தேன். "ஒண்ணுதானே, ஊதிட்டுப் போறேன்" என்று அவர் ஏற்றுக்கொண்டார். கம்பவுண்டருக்குத் தினம் ஒரு மாத்திரை எழுதினேன். வாங்கி, தர்மாமீட்டரும் சீப்பும் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

கன்னியம்மாவின் கடைசி ரிசல்ட்டும் சுத்தம் என்று வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கம்பவுண்டரும்கூட அவளோடு ஸ்டேஷனுக்குப் போனோம். இந்த முறை அவள் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பிளாட்பாரத்துக்கு ஓடினாள். பிள்ளைக்கு அவள் யாரென்று தெரியவில்லை, வீறிட்டான். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கும் தெரியவில்லை. கம்பவுண்டர் கிட்டே போய், அவருக்குத் தெரிந்த ஒரே கொஞ்சலைக் கொஞ்சினார்: "நாக்க நீட்டு!" பயல் அழுகையை நிறுத்தி, அம்மா தோள்மேலிருந்தே நாக்கை முழுசாக நீட்டினான். எங்கேயோ குச்சி ஐஸ் தின்றிருக்கிறான். ரோஸ். "பாஸ்!" என்றார் கம்பவுண்டர். அப்புறம் கூட்ஸ் வண்டி ஏதாவது வருகிறதா என்று வெகுநேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணமாகி நான் திருவள்ளூருக்கே வந்து, கோர்ட்டுக்கு அருகில் கிளினிக் வைத்து மூன்று வருஷமாகிறது. இங்கே சங்கு கிடையாது. கோர்ட் மணியை வைத்து ஏதாவது செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு கார்டு வந்தது. கன்னியம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் எழுதியது.

"டாக்டரம்மாவுக்கு கன்னியம்மா வணக்கம். புள்ள இஸ்கூலு போறான். நைனா நல்லா ஊதறாரு. கம்பவுண்டரு ஊட்டுக்குப் போனேன். அவரு ஊட்டம்மா கோட்டைத் தொவைக்க எடுத்தா பையில நீங்க எழுதிக் குடுத்த மாத்திரை அப்படியே கீதாம். இன்னாய்யான்னு கேட்டா, என் ஊடு டவுனுக்குள்ள கீது, ஏரிக்கரைச் சங்கு எனக்குக் கேக்கல, கேட்டாத்தானே குடிக்கறதுக்கு, அப்படின்றாரு. நீங்க வந்து இன்னான்னு பாருங்க."

படித்ததும் கூழ்ப் பெரியவர் ஞாபகம் வந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எழுந்து கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

ஒரு சங்கு வாங்கிவிட்டேன். ஒரு வாரமாக மாடியில் பழகுகிறேன். இரண்டாம் நாள் வரை காற்று மட்டும்தான் வந்தது. மூன்றாம் நாள் சத்தம் வந்துவிட்டது, கீழ் வீட்டு வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துண்டோடு மேலே ஏறி வந்து, "யாருக்கும்மா?" என்றார். இதை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு இன்று சாயங்கால வண்டியில் கிளம்புகிறேன். இரவு கன்னியம்மா வீட்டில் தங்கல். நாளைக் காலை ஆறு மணிக்கு நானும் அவளும் பிள்ளையுமாகக் கம்பவுண்டர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறோம். அவள் கையில் தண்ணீர்ச் சொம்பு, அவன் கையில் மாத்திரை. நான் ஊதுவேன். அவர் மாத்திரையை முழுங்கிச் சொம்பைக் கீழே வைக்கிறவரை ஒன்றே ஒன்று, நீளமாக.

மூன்று ஊத நான் கற்றுக்கொள்ளவில்லை.